அம்மா வீடு காட்டிய கோடை

லண்டன் மோர்டனில் இருந்த எங்கள் வீட்டின் அழைப்பு மணிக்குப் பன்னிரண்டு மெட்டுகள் இருந்தன. வெள்ளைப் பெட்டி, பக்கவாட்டில் சின்னத் திருகு. திருகினால் மெட்டு மாறும். அப்பா பொங்கலுக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று, டிசம்பரில் நத்தாருக்கு ஒன்று என்று மாற்றி வைப்பார். சாதாரண நாட்களில் மாதா கோயில் மணி போல ஒன்று நீளமாக அடித்து ஓயும். அது முழுதாக அடித்து முடியும்வரை கதவைத் திறக்க விடமாட்டார். "வந்தவை கேக்கட்டும்" என்பார்.

என் வயதுக்காரர்களே, பிள்ளைகளாக லண்டனுக்கு வந்து இப்போது தலைக்குச் சாயம் பூசத் தொடங்கியிருப்பவர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது இருந்திருக்கும். பிளாஸ்ரிக் உறை கழற்றாத சோபா, கண்ணாடி அலுமாரிக்குள் ஒருநாளும் குடிக்காத கோப்பைகள், பூப்போட்ட துணி போர்த்திய தொலைபேசி. எங்களுக்கு அந்த மணி. முப்பது வருடங்களுக்கு மேலாக நான் அதை நினைத்ததில்லை. போன மாதம் என் மகளின் சரித்திரப் பாடம்தான் அதை மறுபடி அடிக்க வைத்தது.

மகளுக்கு இந்த வருடம் பள்ளிக்கூடத்தில் பெரிய சோதனை. சரித்திரத்தில் இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட அமெரிக்கா. சாப்பாட்டு மேசை முழுக்க அட்டைகளைப் பரப்பி வைத்திருந்தாள். ரோசா நிற அட்டைகள் நல்ல காலம்: கார்கள், வானொலிப் பெட்டிகள், தவணைக்கு வாங்கிய குளிர்பெட்டிகள், கூந்தலைக் கத்தரித்துக்கொண்டு வேலைக்குப் போன பெண்கள், பங்கு விலை இனி இறங்காது என்று நம்பிய சவரத் தொழிலாளர்களும் தட்டெழுத்தாளர்களும். அந்த நல்ல காலம் தொட்டும் பார்க்காத விவசாயிகளுக்கும் கறுப்பின மக்களுக்கும் தனியாக ஒரு அட்டை. நீல அட்டைகள் கெட்ட காலம்: மூடிய வங்கிகள், சூப்புக்கு நின்ற வரிசைகள், தகரத்திலும் மட்டையிலும் கட்டிய குடியிருப்புகள். அவற்றில் ஒன்றில் ஒரு படம் ஒட்டியிருந்தாள். கோட்டும் தொப்பியும் கழுத்துப் பட்டியும் அணிந்த ஒரு மனிதர் நகரத்துத் தெருவில் நின்று அப்பிள் விற்கிறார்.

மகள் பேசுவது பெரும்பாலும் ஆங்கிலம். இடையிடையே 'அம்மா', 'அம்மம்மா', 'ஐயோ'. அவள் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன்.

"அம்மா, இவரைப் பாருங்கோ. ஒஃபிசுக்குப் போற மாதிரியே வெளிக்கிட்டு வந்திருக்கிறார். வேலை போனதை வீட்டில சொல்லியிருப்பாரா?"

நான் அப்போதுதான் உள்ளே வந்திருந்தேன். அலுவலகச் சட்டை, அலுவலகச் சப்பாத்து, கையில் காலிச் சாப்பாட்டுப் பெட்டி. கழுத்தில் அடையாள அட்டையின் நாடா. நாடாவின் நுனியைக் கோட்டுப் பைக்குள் விட்டிருந்தேன், ஏனென்றால் நுனியில் அட்டை இல்லை. மூன்று கிழமைகளுக்கு முன், இருபது பேர் செய்த வேலைக்கு இனி கணினியும் மூன்று பேரும் போதும் என்று ஒரு சின்ன அறைக்குள் கூப்பிட்டுச் சொல்லி, அட்டையை வாங்கிக்கொண்டார்கள். நாடாவை ஒருவரும் கேட்கவில்லை.

என் கணவருக்குத் தெரியும். பிள்ளையின் சோதனை முடியும்வரை சொல்ல வேண்டாம் என்று இருவருமாக முடிவெடுத்திருந்தோம். அதனால் நான் தினமும் காலையில் வெளிக்கிட்டு, விம்பிள்டனில் ட்ராம் ஏறி, குரொய்டன் வரை போய், இறங்காமல் திரும்பி வந்துகொண்டிருந்தேன். மழையில்லாத நாட்களில் மட்டும் நடந்து நூலகத்துக்கு. ஐந்தரைக்கு வீடு.

"சொல்லியிருப்பார்," என்றேன்.

"நான் நினைக்கேல்லை," என்றாள் மகள். "டை கட்டியிருக்கிறாரே."

குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அந்த மணி அடித்தது அப்போதுதான். மாதா கோயில் மெட்டு.

எனக்குப் பத்து வயதான கோடையைச் சொல்கிறேன்.

புது வீட்டுக்கு யாராவது முதல்தரம் வந்தால், தேத்தண்ணி வைப்பதற்கு முன் வீடு காட்டவேண்டும் என்பது நம்மிடையே இருந்த வழக்கம். வெள்ளைக்காரர்கள் முன்னறையோடு நிறுத்திக்கொள்வார்கள். நாங்கள் படுக்கையறை, குளியலறை, படிக்குக் கீழேயுள்ள இருட்டு மூலை, சுடுதண்ணித் தாங்கி இருக்கும் அலுமாரி வரை திறந்து காட்டுவோம். வந்தவர்கள் ஒவ்வொரு கதவிலும் நின்று "நல்ல வெளிச்சம்", "நல்ல பெரிசு" என்று ஏதாவது சொல்லவேண்டும். சித்தப்பா எங்கள் வீட்டுக்கு முதன்முதல் வந்தபோது சுடுதண்ணித் தாங்கியைத் தட்டிப் பார்த்து, "அண்ணை, இதுக்குள்ள ஒரு குடும்பம் இருக்கலாம்" என்றார். அப்பா ஒரு வருடம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அந்த இரண்டு மூன்று வருடங்களில் எல்லோரும் வீடு வாங்கினார்கள். விம்பிள்டன் கோயிலில் பூசை முடிந்து நெற்றியில் விபூதி காயுமுன்னே ஆண்கள் சப்பாத்து ராக்கைப் பக்கம் ஒதுங்கிவிடுவார்கள். "உங்கட ரோட்டில இப்ப என்ன விலை போகுது?" அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வராதவர்களும் கேட்டார்கள். அப்பா ஊரில், யாழ்ப்பாணத்தில், கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தில் கிளாக்கர். இங்கே மின்சாதனப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் பகலும், ஓர் அலுவலகக் கட்டடத்தைத் துப்பரவு செய்யும் வேலையில் மாலையும். ஆனால் கோயில் வாசலில் அவர் பேசுவதைக் கேட்டால் லண்டனின் பாதியை விற்று வாங்கியவர் என்று நினைப்பீர்கள். "லண்டனில வீட்டு விலை இறங்கின சரித்திரமே இல்லை" என்பார். அவரைக் குறை சொல்லவில்லை. அதே வருடத்தில் வங்கிக்காரரும் அதைத்தான் சொன்னார்.

அம்மா ஊரில் பெண்கள் பாடசாலையில் இரசாயனம் படிப்பித்தவர். இங்கே வீட்டோடு இருந்தார். ஒருமுறை வேலை பற்றிக் கேட்டதற்கு அப்பா, "நீர் வேலைக்குப் போனா, நான் உழைக்கிறது காணாதெண்டு ஆக்கள் நினைப்பினம்" என்றார். பிறகு அந்தக் கதை எழவில்லை. அம்மாவின் சான்றிதழ்கள் நீல நிறப் பிளாஸ்ரிக் ஃபைல் ஒன்றில் அலுமாரிக்கு மேலே கிடந்தன. அப்பா முன்னரே லண்டனில் இருக்க, என்னோடு ஊரைவிட்டு ஓடி வந்தபோது நகைகளை ஒரு சொந்தக்காரரிடம் கொடுத்துவிட்டு, அந்த ஃபைலை மட்டும் வயிற்றோடு கட்டிக்கொண்டு வந்தாராம். மாதத்துக்கு ஒருதடவை கதிரை போட்டு ஏறித் தூசு துடைப்பார். திறந்து பார்த்ததை நான் காணவில்லை.

முதலில் அப்பாவின் ஓவர்டைம் நின்றது. பிறகு மாலை வேலை. வீட்டுக் கடனுக்கான வட்டி மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. இதெல்லாம் எனக்குப் பிறகு விளங்கியது. அப்போது விளங்கியது ஒன்றுதான்: அப்பா ஆறு மணிக்கே வீட்டில் இருந்தார், மணியின் மெட்டை மாற்ற மறந்தார்.

வாசலில் விழும் கடிதங்களை எடுப்பது என் வேலை. அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும், ஆனால் இந்த ஊர்ப் பேச்சும் அலுவலகக் கடிதங்களும் அவருக்குப் பயம். அதனால் தபால் வந்ததும் "என்ன கடிதம், பிள்ளை?" என்று என்னைத்தான் கேட்பார். ஒருநாள் அப்பா என்னைப் படிக்குக் கீழே கூப்பிட்டார். சிவப்புக் கரை போட்ட கடிதம் வந்தால் தன் பழைய சப்பாத்துக்குள் வைக்கச் சொன்னார்.

"அம்மா கேட்டா?"

"விளம்பரம் எண்டு சொல்லு. அம்மா தாங்கமாட்டா, பிள்ளை."

பத்து வயதில் ஒரு இரகசியம் கிடைத்தால் முதலில் பெருமையாகத்தான் இருக்கும். நான் கடிதங்களைப் பிரித்தும் வாசித்தேன். பாதி விளங்கவில்லை. வங்கி வீட்டை எடுத்துக்கொள்ளும் என்பது விளங்கியது. அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது எங்கள் தெருமுனையில் கண்ணை மூடிக்கொண்டு பத்து அடி நடப்பேன். கண்ணைத் திறக்கும்போது வீடு இருக்கவேண்டும்.

ஒரு சனிக்கிழமை காலையில் அப்பா அம்மாவிடம், "கொம்பனி ஆக்கள் ரெண்டு பேர் வீடு பாக்க வருவினம்" என்றார். அம்மாவுக்கு அதில் புதுமை ஒன்றும் தெரியவில்லை. வீடு பார்க்க ஆட்கள் வருவது வழக்கம்தானே. எட்டு மணிக்கே உளுந்து அரைத்தார். நல்ல சேலை உடுத்தார். சாமித் தட்டுக்குச் சாம்பிராணி காட்டி, புகை மணம் கூடிவிட்டதோ என்று பயந்து எல்லா ஜன்னல்களையும் திறந்தார்.

மணி அடித்தது, முழுவதும். வாசலில் மினுங்கும் சாம்பல் கோட் போட்ட இளைஞன் ஒருவன். வீட்டு முகவர். அவனுக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரச் சோடி. வாசலில் 'விற்பனைக்கு' என்ற பலகை நட வேண்டாம் என்று அப்பா முகவரிடம் கேட்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும். வந்திருப்பவர்கள் வீட்டை வாங்க வந்தவர்கள் என்பதும் தெரியும். அப்பா பின் தோட்டத்துக்குப் போய், நனைக்கத் தேவையில்லாத ரோசாச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றார்.

அம்மா காட்டினார். நான் மொழிபெயர்த்தேன். ஒவ்வொரு கதவையும் அம்மா திறந்தபோது அந்தப் பெண் உள்ளே எட்டிப் பார்த்துத் தலையாட்டினாள். அம்மாவுக்குச் சந்தோசம். நம்மவர்கள்கூட இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. பெரிய படுக்கையறையில் அந்தப் பெண் கைப்பையிலிருந்து அளக்கும் நாடா ஒன்றை எடுத்து ஜன்னலில் வைத்தாள். மறுமுனை நழுவி விழுந்தது. அம்மா ஓடிப்போய் அதைப் பிடித்துக்கொண்டார்.

"திரைச்சீலை பிடிச்சிருக்குப் போல," என்றார் என்னிடம், நாடாவின் முனையைச் சுவரோடு அழுத்தியபடி. "சவுத்தாலில வாங்கினது எண்டு சொல்லு. நான் வேணுமெண்டா கூடப்போய் எடுத்துக் குடுக்கிறன் எண்டும் சொல்லு."

சொன்னேன். அந்தப் பெண் என்னைப் பார்த்து, பிறகு அம்மாவைப் பார்த்து, மெல்லச் சிரித்தாள். நல்ல பெண்தான் என்று இப்போது தோன்றுகிறது. அவளுக்கும் ஏதோ பிழை என்று பட்டிருக்கவேண்டும்.

கீழே தேத்தண்ணி, வடை. விடைபெறும்போது அந்தப் பெண் அம்மாவிடம் நேராக, நீங்கள் எப்போது வீட்டைவிட்டுப் போவதாக இருக்கிறீர்கள் என்று கேட்டாள். அம்மா என் பக்கம் திரும்பினார்.

"என்ன கேக்கிறா, பிள்ளை?"

நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். நெற்றிப் பொட்டுக்கு மேல் மாவுத் துளி ஒன்று ஒட்டியிருந்தது.

"வடை நல்லா இருக்காம்," என்றேன்.

அம்மா சமையலறைக்கு ஓடிப்போய் மிச்சமிருந்த வடை எல்லாவற்றையும் ஈயத்தாளில் சுற்றிக்கொண்டு வந்து அவளுடைய கையில் வைத்தார்.

அந்தச் சோடி பிறகு வரவில்லை. அடுத்த சனிக்கிழமை தனியாக ஒரு மனிதர் வந்தார். அவசரக்காரர், வடை சாப்பிடவில்லை. போகும்போது கையிலிருந்த தாளைச் சமையலறை மேசையில் மறந்துவிட்டுப் போனார். அம்மா மேசை துடைக்கப் போனவர், அதை எடுத்துப் பார்த்தார். எங்கள் வீட்டின் படம், ஜன்னலில் சவுத்தால் திரைச்சீலை, படத்துக்குக் கீழே விலை. அதை வாசிக்க நான் தேவைப்படவில்லை.

அப்பாவைத் தோட்டத்திலிருந்து கூப்பிட்டார். குரல் உயரவில்லை.

"இஞ்சேருங்கோ. இது என்ன?"

அப்பா கதிரையில் இருந்தார். எல்லாவற்றையும் சொன்னார், சப்பாத்துக்குள் கடிதம் உட்பட. கடைசியில், "நீர் தாங்கமாட்டீர் எண்டுதான்…" என்றார்.

"நான் தாங்கமாட்டனோ? உங்கட மகளை இடுப்பில வைச்சுக்கொண்டு எத்தினை ஆமிச் சென்றி தாண்டி வந்தனான்? அப்ப நீங்கள் எங்க நிண்டனீங்கள்? இஞ்ச நிண்டு எனக்கு மணி வாங்கிக்கொண்டு நிண்டனீங்கள்."

அப்பா மேசையிலிருந்த தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"வீடு போறது பெரிசில்லை. வீட்டை வாங்க வந்தவளுக்கு நான் அளவு பிடிச்சுக் குடுத்திருக்கிறன். என்னை விசரி எண்டு நினைச்சிருப்பாள்."

பிறகு கதவுப் பக்கம் திரும்பினார். நான் அங்கே நின்றேன்.

"அண்டைக்கு அந்த மனுசி கடைசியா என்ன கேட்டவ?"

சொன்னேன். அடி விழும் என்று நினைத்தேன். அம்மா குனிந்து என் முகவாயைப் பிடித்தார். கை வெங்காயம் மணத்தது.

"இனி என்ர முகத்தைப் பாத்து மாத்திச் சொல்லாதை. கெட்டதெண்டாலும் அப்பிடியே சொல்லு. விளங்குதோ?"

மூன்று நாட்கள் வீட்டில் பேச்சில்லை. அப்பா தேத்தண்ணியைத் தானே போட்டுக் குடித்தார். சீனி எங்கே இருக்கிறது என்று என்னிடம் சைகையில் கேட்டார். நான்காம் நாள் காலை அம்மா, "இந்தச் சனிக்கிழமை ஆர் வருகினம்?" என்று கேட்டார். அப்பா திக்கினார். வங்கி எடுக்குமுன் நாங்களே விற்றால் கடன் தீரும், இன்னும் ஆறு கிழமைதான் தவணை என்றார்.

"அப்ப நீங்கள் பூங்கண்டுக்குத் தண்ணி விட்டுக்கொண்டு நிக்கேலாது. நான் காட்டுறன். இவள் சொல்லுவாள்."

அந்தக் கோடை முழுக்க அம்மா வீடு காட்டினார். அரைத்துப் பொரித்து வரவேற்கவில்லை. ஏலக்காய் போட்டுத் தேத்தண்ணி மட்டும், அதுவும் ஆட்கள் வருவதற்குச் சரியாகக் கொதிக்கும்படி. வாசம் மாடிவரை போகும். பக்கத்து வீட்டு நாய் எத்தனை மணிக்குக் குரைக்கும், எந்த அறையில் காலை வெயில் விழும், பஸ் நிறுத்தத்துக்கு எத்தனை நிமிடம் என்றெல்லாம் சொல்வார். பின்னறைக்குப் போனதும் சுவரைத் தொட்டுக் காட்டி, "பெருமழைக்கு இந்த இடம் ஊறும் எண்டு சொல்லு" என்பார்.

முதன்முறை நான் தயங்கினேன். முகவர் இளைஞன் மூச்சை இழுத்தான். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் அப்படியே சொன்னேன்.

"நீர் வீட்டை விக்கிறீரோ, விக்காமல் இருக்கப் பாக்கிறீரோ?" என்றார் அப்பா, ஆட்கள் போன பிறகு.

"சுவரைத் தொட்டுப் பாக்கிற ஆள் ஒண்டு வரும். அண்டைக்குப் பாப்பம்."

வந்தார்கள். பஸ் ஓட்டும் ஒரு கறுப்பினத்தவரும் தாதியான அவருடைய மனைவியும், ஐந்து வயது மகனும். அம்மா சுவரைச் சொன்னதும் அந்தத் தாதி சிரித்துவிட்டு, நாங்கள் பார்த்த ஏழு வீட்டில் ஒருவரும் இப்படிச் சொல்லவில்லை, ஏழிலும் சுவர் ஊறியிருந்தது என்றார். அவர்களுக்கும் வீடு இப்போதுதான் எட்டும் விலைக்கு வந்திருந்தது. எங்கள் கெட்ட காலம் அவர்களுடைய நல்ல காலம் என்பதை மகளின் அட்டைகளைப் பார்க்கும்போதுதான் நினைத்தேன். மகன் வாசலில் நின்று மணியை அழுத்திக்கொண்டே இருந்தான். அப்பா வெளியே போய் அவனுக்குத் திருகைக் காட்டிக்கொடுத்தார். பன்னிரண்டு மெட்டும் ஒன்றன்பின் ஒன்றாக அடித்தன. உள்ளே பெரியவர்கள் விலை பேசிக்கொண்டிருந்தார்கள்.

வீடு மாறிய அன்று அப்பா மணியைக் கழற்றத் திருப்புளியோடு வாசலுக்குப் போய், கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வெறுங்கையோடு திரும்பி வந்தார். "அந்தப் பெடியன் தேடுவான்" என்றார். மணி அங்கேயே இருந்தது.

இனிச் சொல்லப்போவதை அம்மா போன மாதம்வரை மறுத்துவந்தார். அது நடந்தது, நான் கூடப் போனேன்.

பேரம் முடிந்த நாளில் முகவர் இளைஞன் அம்மாவின் கையைக் குலுக்கி, நீங்கள் என்னைவிட நன்றாக விற்கிறீர்கள், எங்களோடு வேலைக்கு வந்துவிடுங்கள் என்றான். நான் அப்படியே மொழிபெயர்த்தேன். மாற்றிச் சொல்லக்கூடாது என்பது கட்டளை. அது சிரிக்கச் சொன்ன பகிடி என்பதைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை அம்மா காஞ்சிபுரம் சேலை உடுத்தி, கதிரை போட்டு ஏறி நீல ஃபைலை எடுத்தார். பஸ்ஸில் அதை மடியில் வைத்திருந்தார். முகவர் அலுவலகத்தில் ஆறு மேசைகள். ஐந்து காலி. ஒன்றில் தொலைபேசி வயர் மட்டும் தொங்கியது. இளைஞன் எங்களைக் கண்டதும் எழுந்து நின்றான். அம்மா ஃபைலைத் திறந்து, யாழ்ப்பாணத்துப் பட்டத்தையும் கற்பித்தல் சான்றிதழையும் அவனுக்கு முன்னால் ஒழுங்காக அடுக்கினார்.

"வேலைக்கு வந்திருக்கிறன் எண்டு சொல்லு."

சொன்னேன். அவன் முகம் சிவந்தது. சிரிக்கவில்லை, அதற்காக அவனை இன்றுவரை எனக்குப் பிடிக்கும். ஒவ்வொரு தாளையும் எடுத்துப் பார்த்தான். பிறகு எங்களுக்குத் தேநீர் போட்டான். எந்த மேசையில் யார் இருந்தார்கள், யார் எப்போது போனார்கள் என்று அலுவலகத்தைச் சுற்றிக் காட்டினான். வெள்ளிக்கிழமையோடு தானும் போவதாகச் சொன்னான். நான் அதையும் அப்படியே சொன்னேன்.

அம்மா அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "தம்பி சாப்பிட்டவரோ எண்டு கேள்."

அவன் ஒரு தாளில் விலாசம் ஒன்று எழுதித் தந்தான். அவனுடைய தாய் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்தார். அங்கே ஆள் தேவைப்பட்டது. பஸ்ஸில் திரும்பி வரும்போது அம்மா, "அங்கயும் ஒருத்தருக்கும் வேலையில்லை, பாத்தியோ" என்றார். குரலில் கவலை இல்லை. இவ்வளவு நாளும் எங்களுக்கு மட்டுந்தான் இப்படி நடக்கிறது என்று நினைத்திருக்கிறார்.

ஒரு கோழிக்கறிக் கடைக்கு மேலே இரண்டு அறை வீட்டுக்குப் போனோம். சோபா படியில் ஏறவில்லை. பிளாஸ்ரிக் உறையோடு அதைத் தெருவிலேயே விட்டோம். உறையைக் கழற்றி அதில் ஒருநாளாவது இருந்திருக்கலாம். அம்மா வலைத் தொப்பிக்குள் அடங்காத கூந்தலைத் தோளளவுக்கு வெட்டிக்கொண்டு பள்ளிக்கூடச் சமையலறைக்குப் போனார். அப்பா முதல் கிழமை கோயிலுக்கு வரவில்லை. இரண்டாம் கிழமை வந்து, சப்பாத்து ராக்கைக்குப் பக்கத்தில் யாரோ கேட்டதற்கு, "மனுசி வேலைக்குப் போறா. ஓம், பள்ளிக்கூடத்தில" என்றார். மூன்று வருடத்தில் அம்மா அதே பள்ளிக்கூடத்தின் இரசாயனக் கூடத்துக்கு மாறினார். குடுவைகளையும் கரைசல்களையும் ஒழுங்கு செய்யும் வேலை. அதற்குப் பிறகு அம்மாவின் கை வெங்காயம் மணத்ததில்லை, எரிவாயுதான். ஓய்வுபெறும்வரை அங்கேயே இருந்தார்.

சித்தப்பா தன் வீட்டை விடாமல், ஒவ்வொரு அறைக்கும் ஒரு வாடகைக்காரர் வைத்துப் பிடித்துக்கொண்டார். சில வருடங்களில் விலை திரும்ப ஏறியது. "அண்ணை அவசரப்பட்டிட்டார்" என்று இன்றைக்கும் சொல்வார். அப்பா உயிரோடு இருந்தவரை அதைக் கேட்டுச் சிரிப்பார். சுடுதண்ணித் தாங்கிக்குள்ளும் நீ ஆள் வைத்திருந்தாய் என்பார்.

அந்தக் கோடையில் அப்பாவுக்கு நாற்பத்தொரு வயது. இப்போதைய என்னைவிடச் சின்னவர். சப்பாத்துக்குள் கடிதங்களை அமத்தி வைத்த அந்த மனிதரை நான் பல வருடம் கோழை என்று நினைத்திருக்கிறேன். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு நின்ற அன்றைக்கு அப்படி நினைக்க முடியவில்லை.

வெளியே வந்து மகளுக்கு எதிரே இருந்து இந்தக் கதையைச் சொன்னேன். பாடத்துக்கு உதவும் என்றுதான் தொடங்கினேன். அவள் முதலில் குறிப்பெடுத்தாள். பிறகு பேனையை வைத்துவிட்டாள்.

"நீங்கள் உண்மையா 'வடை நல்லா இருக்காம்' எண்டு சொன்னீங்களா?"

"ஓம்."

"அம்மம்மா அந்த டேப்பைப் பிடிச்சுக்கொண்டு…" அவள் முடிக்கவில்லை. "உங்களுக்குத் தெரிஞ்சும்."

"ஓம்."

நீல அட்டையில் அப்பிள்காரர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கோட்டுப் பையிலிருந்து நாடாவின் நுனியை எடுத்து, கழற்றி, அட்டைகளுக்கு நடுவே வைத்தேன்.

அவள் அதைப் பார்த்தாள். "கார்ட் எங்க?"

"வாங்கிட்டினம். மூண்டு கிழமையாச்சு."

"எனக்கு எக்ஸாம் எண்டு சொல்லேல்லையா?"

"ஓம்."

"நான் தாங்கமாட்டன் எண்டா?" கண் கலங்கியிருந்தது. கோபம்தான் கூட. எழுந்து போய்க் கேத்தலைப் போட்டாள். கொதிக்கும்வரை முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பாமலே, "அப்ப லஞ்ச் பொக்ஸ்?" என்றாள்.

"ட்ராமில சாப்பிட்டனான்."

"எங்க போற ட்ராம்?"

"குரொய்டன். போய்த் திரும்பி."

"இறங்கமாட்டீங்களா?"

"இல்லை."

தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று எழுந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். "ஐயோ, அம்மா. நீங்கள் அந்தாளைவிட மோசம். அவராவது அப்பிள் வித்தார்."

இரண்டு கோப்பையோடு வந்து இருந்தாள். வீடு போகுமா என்று கேட்டாள். இல்லை, ஆறு மாதத்துக்குப் பிரச்சினை இல்லை, அதற்குப் பிறகு தெரியாது என்று உள்ளதைச் சொன்னேன். தலையாட்டினாள். சனிக்கிழமைகளில் தான் போகும் இரசாயன ரியூசனை நிறுத்தலாம், அம்மம்மா இலவசம் என்றாள்.

"அம்மம்மாவுக்குச் சொல்லியாச்சா?"

"இல்லை."

"நான் எடுக்கிறன்," என்று தொலைபேசியை எடுத்து மேசையில் வைத்து ஒலியைக் கூட்டினாள். அம்மா எடுத்தார். நான் சொன்னேன், எதையும் மாற்றாமல். அம்மாவுக்குப் பின்னால் தொலைக்காட்சியில் யாரோ சிரித்தார்கள்.

"அப்பிடியோ," என்றார் அம்மா. "சேர்டிபிக்கேற் எல்லாம் ஒரு ஃபைலில இருக்கோ?"

"இப்ப எல்லாம் கணினியிலதான், அம்மா. ஃபைல் ஒருத்தரும் கேக்கிறதில்லை."

"என்னட்டையும் அந்த வீடு விக்கிற தம்பி கேக்கேல்லை," என்றார் அம்மா.

சனிக்கிழமை காலை எங்கள் மணி அடித்தது. ஒரே ஒரு டிங். அம்மா வாசலில் நின்றார், ஒரு கையில் மகளுக்கான இரசாயனப் புத்தகம், மறுகையில் நீல ஃபைல். தன் காகிதங்களை எல்லாம் எடுத்துவிட்டுக் கொண்டுவந்திருந்தார். காலி உறைகள் இன்னும் அவற்றின் வடிவிலேயே விறைத்து நின்றன.

இப்போது அதில் என்னுடையவை இருக்கின்றன. மகள் அச்செடுத்து, ஒழுங்குபடுத்திப் போட்டாள். செவ்வாய்க்கிழமை குரொய்டனில் ஒரு நேர்முகம். அதே ட்ராம்தான். இந்தமுறை இறங்குவேன்.